பிரேக் மிதித்தாலும் பாரம் உடனே நிற்காது!
கரும்பு டிரெய்லர் அமர்த்துவோரும் ஓட்டுவோரும் அறிய வேண்டிய கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவை முக்கியப் பயிர்கள். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் வயலிலிருந்து திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வரை டிராக்டர்களும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடும். வரப்பு ஓரம், ஏரிக்கரை, கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலம், பிறகு தார்ச்சாலை என்று வழி பலவிதமாக மாறும். பாரம் மட்டும் மாறுவதில்லை.

பயிர் நட்ட நாளிலிருந்து விதை, உரம், பூச்சி மருந்து என்று ஒவ்வொன்றையும் அளந்து செய்யும் விவசாயிகள், விளைந்ததை ஏற்றி அனுப்பும்போது மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. "இன்னும் பத்துக் கட்டு ஏற்றிக்கொள், ஒரு நடை மிச்சமாகும்" என்று சொல்பவர் பெரும்பாலும் டிரைவர் அல்லர், வயலுக்குச் சொந்தக்காரர்தாம். எனவே இந்தக் கட்டுரை டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வாடகைக்கு அமர்த்தும் சிறு விவசாயிகளுக்கும் உரியது.

நிலைமம் என்றால் என்ன?

நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில், அதே திசையில், நேராக ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றினால்தான் மாறும். பொருளுக்குள்ள இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். ஆங்கிலேய விஞ்ஞானி நியூட்டன் 1687-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை முதல் விதியாக வைத்தார்.

நெசவுக்குப் பேர்போன பொதட்டூர்பேட்டையில் இதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். தறியில் நாடா ஒரு பக்கம் தட்டப்பட்டதும் பாவுக்கு நடுவே ஓடி மறுபக்கம் போய்ச் சேருகிறது. வழியில் அதை யாரும் தள்ளுவதில்லை. முதலில் வாங்கிய வேகத்திலேயே ஓடுகிறது. மறுபக்கத்துப் பெட்டியில் அதைப் பிடித்து நிறுத்த ஏற்பாடு இல்லாவிட்டால் வெளியே பாய்ந்துவிடும்.

மாட்டு வண்டியிலும் இதைப் பார்க்கலாம். நெல் மூட்டை ஏற்றிய வண்டியைக் கிளப்பும்போது மாடுகள் தலையைத் தாழ்த்தி, காலை ஊன்றி, முழு பலத்தையும் கொடுக்கும். வண்டி உருளத் தொடங்கிய பின் இலேசாக நடக்கும். இறக்கத்திலோ வண்டியே மாட்டைத் தள்ளும். முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவதும், இறக்கத்துக்கு முன்பே நடையைக் குறைப்பதும் நம் வண்டிக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். மாட்டைவிடப் பல மடங்கு பலமுள்ள டிராக்டர் வந்ததும் அந்தப் பழக்கம் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். உண்மையில் முன்னைவிட இப்போதுதான் அது அதிகம் தேவை. எடை கூடக் கூட நிலைமமும் கூடும்.

கிளப்பும்போது

டிரெய்லரும் கரும்புமாகச் சேர்ந்து 8 டன் என்று வைத்துக்கொள்வோம். நின்றிருக்கும் இந்தப் பாரத்தை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்சை மெதுவாக விட்டு 5 வினாடியில் அந்த வேகத்தை எட்டினால், வேகம் கொடுப்பதற்காக மட்டும் ஏறத்தாழ 230 கிலோ இழுவை போதும். கிளட்சை வெடுக்கென்று விட்டு அரை வினாடியில் எட்டப் பார்த்தால் அதுவே 2,300 கிலோ இழுவையாகிறது. பாரம் அதேதான், வேகமும் அதேதான். எடுத்துக்கொண்ட நேரம் பத்தில் ஒரு பங்கானதால் விசை பத்து மடங்கு ஆயிற்று.

இந்த வெட்டு இழுப்பில்தான் கொக்கியின் ஆணி ஒடிகிறது, கியர் பற்கள் தேய்கின்றன, டிராக்டரின் முன்சக்கரம் மேலே கிளம்புகிறது. கிளட்சை மெதுவாக விடுவது வண்டிக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

நிறுத்தும்போது

ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான பண்ணை டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில்தான் உண்டு. நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. 2 டன் டிராக்டரின் பின்சக்கரங்கள் சாலையைப் பிடித்து, 800 கிலோ அளவுக்குத் தடுக்கும் விசை கொடுப்பதாகக் கொள்வோம். அந்த 800 கிலோதான் டிராக்டரையும் நிறுத்த வேண்டும், பின்னால் வரும் 8 டன்னையும் நிறுத்த வேண்டும். சமதளத்தில் கணக்கு இப்படி வருகிறது:

மணிக்கு 20 கி.மீ. வேகம்: டிராக்டர் மட்டும் என்றால் 4 மீட்டரில் நிற்கும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் 20 மீட்டர்.

மணிக்கு 30 கி.மீ. வேகம்: டிராக்டர் மட்டும் 9 மீட்டர். டிரெய்லருடன் 45 மீட்டர்.

மணிக்கு 40 கி.மீ. வேகம்: டிராக்டர் மட்டும் 16 மீட்டர். டிரெய்லருடன் 80 மீட்டர், அதாவது ஏறத்தாழ 260 அடி.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, மொத்த எடை 2 டன்னிலிருந்து 10 டன்னாக, ஐந்து மடங்கானால் நிற்கும் தூரமும் ஐந்து மடங்காகிறது. இரண்டாவது, வேகம் இரு மடங்கானால் தூரம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தூரம் கால் பங்காகக் குறையும். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

மேலே சொன்ன தூரம் பிரேக் பிடித்த பிறகு ஓடுவது. குறுக்கே ஒரு மாடோ குழந்தையோ வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் 20 கி.மீ. வேகத்தில் வண்டி மேலும் ஐந்தரை மீட்டரும், 40 கி.மீ. வேகத்தில் 11 மீட்டரும் ஓடிவிடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவருக்கு இதுவும் கூடும்.

ஒரு டிராக்டருக்குப் பின்னால் 8 டன் வீதம் இரண்டு டிரெய்லர்களைப் பூட்டினால் மொத்தம் 18 டன். பிரேக் பிடிப்பது அதே 800 கிலோதான். 20 கி.மீ. வேகத்திலேயே நிற்பதற்கு 36 மீட்டர் வேண்டும். இழுக்கும் சக்தி டிராக்டருக்கு இருக்கலாம், நிறுத்தும் சக்தி இல்லை. இழுக்க முடிகிறது என்பதற்காக ஏற்றக் கூடாது. நிறுத்த முடிந்த அளவே ஏற்ற வேண்டும்.

இரண்டு பிரேக் பெடல்

டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. உழவின்போது வரப்போரத்தில் சட்டென்று திருப்புவதற்காக இந்த ஏற்பாடு. சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டுவிட வேண்டும். வயலிலிருந்து அப்படியே சாலைக்கு ஏறி, அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றது ஓடும். பின்னாலிருக்கும் 8 டன் நேராகப் போகவே பார்க்கும். டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி, மடக்குக் கத்தி மடங்குவதுபோல் மடக்கிக் கவிழ்த்துவிடும். பூட்டுப் போட ஒரு வினாடிகூட ஆகாது.

இறக்கத்தில்

ஆற்றுத் தரைப்பாலத்துக்கு இறங்கும் சரிவும், ஏரிக்கரையிலிருந்து இறங்கும் பாதையும் பார்வைக்குச் சிறியவை. 20 அடி நீளத்துக்கு 1 அடி இறங்கும் சரிவு என்று கொண்டால், 10 டன்னை அந்தச் சரிவு 500 கிலோ விசையுடன் கீழே இழுக்கும். கையிலுள்ள 800 கிலோ பிரேக்கில் 500 கிலோ இதற்கே போய்விடுகிறது. மிச்சம் 300 கிலோதான். சமதளத்தில் 20 மீட்டரில் நின்ற வண்டி இங்கே நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். 12 அடிக்கு 1 அடி இறக்கமானால் கீழே இழுக்கும் விசை 800 கிலோவைத் தாண்டிவிடும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது.

எரிபொருள் மிச்சம் என்று எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி இறக்குவதும் சிலரிடம் உள்ள பழக்கம். இது மிகவும் தவறு. இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் ஏறாது, பிரேக்கும் சூடேறாது. ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆனால் என்ஜின் பிடிப்பும் அதே பின்சக்கரங்களின் வழியாகத்தான் சாலைக்கு வருகிறது. சேறோ மணலோ இருந்தால் அந்தச் சக்கரங்கள் வழுக்கும். எனவே செங்குத்தான இறக்கத்துக்குப் பாரத்தைக் குறைப்பதே வழி.

திருப்பத்தில்

ஓடும் பொருள் நேராகவே ஓடப் பார்க்கும் என்று கண்டோம். சாலை வளையும்போது டிராக்டர் வளைகிறது, மேலே அடுக்கிய கரும்பு நேரே போகப் பார்க்கிறது. இதனால் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது.

10 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் 8 டன் டிரெய்லர் 15 கி.மீ. வேகத்தில் போனால் ஏறத்தாழ 1.4 டன் விசை அதை வெளிப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். 30 கி.மீ. வேகத்தில் அது நான்கு மடங்கு, 5.6 டன்னுக்கு மேல். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலமும், பாரத்தின் மையம் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரமும் இருந்தால் மூன்றரை டன் விசையிலேயே டிரெய்லர் கவிழ்ந்துவிடும். அதாவது 24 கி.மீ. வேகமே போதும். குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் அதற்கும் குறைந்த வேகத்திலேயே கவிழும்.

கரும்பை உயரமாக அடுக்க அடுக்க இந்த மையம் மேலே ஏறுகிறது, கவிழ்வது எளிதாகிறது. வைக்கோல், நிலக்கடலைச் செடி ஏற்றும்போதும் இதே கதைதான். எனவே திருப்பத்தில் பிரேக் போடுவது அல்ல, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் முறை. கயிறு போட்டு இறுக்கிக் கட்டாத பாரம் திருப்பத்தில் நகர்ந்து, கவிழ்வதற்குத் தானே வழிசெய்துகொள்ளும்.

முன்பாரமும் பின்பாரமும்

டிரெய்லரின் பின்பக்கம் அதிகம் ஏற்றினால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும். டிராக்டரின் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் குறையும், பிரேக்கும் குறையும். முன்பக்கம் அதிகம் ஏற்றினால் கொக்கி அளவுக்கு மீறி அழுந்தி, மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மாட்டு வண்டிக்கு எப்படிச் சமன் பார்த்தோமோ அப்படியே இதற்கும் பார்க்க வேண்டும். கொக்கியின் மீது கொஞ்சம் அழுத்தம் இருக்குமாறு, பெரும்பாரம் டிரெய்லர் அச்சின் மேல் அமைய ஏற்ற வேண்டும்.

சேற்றில் சிக்கினால்

சேடை ஓட்டும்போதும், ஈரம் காயாத கரும்பு வயலிலிருந்து பாரம் எடுக்கும்போதும் பின்சக்கரம் புதைந்துவிடும். தார்ச்சாலையில் 200 கிலோ இழுப்பில் உருளும் 8 டன் டிரெய்லர், இளகிய மண்ணில் 800 கிலோ, ஒரு டன் என்று கேட்கும். அப்போது சக்கரத்தோடு ஒரு மரக்கட்டையைக் கட்டி, கியர் போட்டு முன்னே எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது உயிரைப் பறிக்கும் வேலை.

காரணம் இதுதான். என்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழன்றால் வண்டி முன்னே போகும். கட்டை மாட்டிச் சக்கரம் சுழல முடியாமல் நின்றுவிட்டால், அந்தச் சுழற்சி எங்கே போகும்? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. சக்கரம் சுழலாதபோது டிராக்டரின் உடல் அச்சைச் சுற்றி மேலே எழும்புகிறது. முன்சக்கரம் தூக்கிக்கொண்டு, டிராக்டர் மல்லாந்து டிரைவரின் மேலேயே விழும்.

முன்சக்கரம் கிளம்பிய முக்கால் வினாடியில் திரும்ப முடியாத நிலை வந்துவிடும். ஒன்றரை வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாம் முன்பு பார்த்தபடி, கண் பார்த்துக் கால் மிதிக்கவே ஒரு வினாடி வேண்டும். ஆகவே "நான் அனுபவசாலி, குதித்துவிடுவேன்" என்று சொல்வது வீண் நம்பிக்கை.

மரத்தையோ அடிக்கட்டையையோ இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுவதும் இதே ஆபத்தைத் தரும். இழுவை எப்போதும் அச்சுக்குக் கீழே, அதற்கென்று உள்ள கொக்கியிலிருந்தே இருக்க வேண்டும். சிக்கிய டிராக்டரை முதலில் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வெட்டி எடுங்கள். அதற்கும் வராவிட்டால் இன்னொரு டிராக்டரால் மெதுவாக இழுக்கச் செய்யுங்கள். அரை நாள் போனாலும் பரவாயில்லை.

டிராக்டர் கவிழ்ந்தாலும் டிரைவர் நசுங்காதபடி காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்குச் சுவீடன் நாடு 1959-லேயே கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது பெரிதும் குறைந்தது. புதிதாக டிராக்டர் வாங்குவோர் இந்தச் சட்டம் உள்ளதா என்று கேட்டு வாங்கலாம். சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டையும் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டம் இல்லாத டிராக்டரில் பட்டை கட்டக் கூடாது.

டிரெய்லரில் ஆள் ஏற்றலாமா?

நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. டிரெய்லர் ஓடும்போது அதில் இருப்பவர்களும் அதே வேகத்தில்தான் ஓடுகிறார்கள். டிரெய்லர் சட்டென்று நின்றால் அவர்கள் நிற்பதில்லை, முன்னோக்கிப் போய் விழுகிறார்கள். டிரெய்லர் திரும்பினால் வெளியே வீசப்படுகிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பியோ இருக்கையோ கிடையாது. கரும்பின் மேல் உட்கார்ந்து வருபவர், டிரெய்லர் கவிழ்ந்தால் கரும்புக்கு அடியில் போவார். மட்கார்டில் உட்கார்ந்து வருவதும் அப்படித்தான். விழுந்தால் பெரிய சக்கரத்துக்குக் கீழேதான் விழ வேண்டும். சரக்கு ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றச் சட்டமும் இடம் தருவதில்லை.

இரவில் பின்னால் வருபவர்

நிலைமம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார், டிரைவர் பார்த்து நிறுத்துவதற்குள் 60 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். தாழ்த்திய விளக்கொளியில், விளக்கில்லாத கரும்பு டிரெய்லர் அவ்வளவு தொலைவில் தெரிவது அரிது. பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருந்தால் வெகுதூரத்திலேயே மின்னும். கரும்பின் தோகை அதை மறைக்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதாகி நின்றால் சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். புறப்படும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுச் செல்லக் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் பொருத்துங்கள். டிரெய்லர் சக்கரங்களும் சாலையைப் பிடித்தால் நிற்கும் தூரம் பெரிதும் குறையும். வாடகைக்கு அமர்த்தும்போது பிரேக் உள்ள டிரெய்லரைக் கேட்டு வாங்குங்கள்.

2. சாலைக்கு ஏறும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் பூட்டி இணையுங்கள்.

3. பாரத்துடன் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம். திருப்பத்தில் அதையும் குறையுங்கள்.

4. இறக்கத்துக்கு முன் தாழ்ந்த கியர். நியூட்ரல் வேண்டாம், கிளட்சு மிதிக்க வேண்டாம்.

5. உயரமாக ஏற்றாதீர்கள். பாரத்தைச் சமன் பார்த்து ஏற்றி, கயிறு போட்டுக் கட்டுங்கள்.

6. ஒரு டிராக்டருக்கு ஒரு டிரெய்லர்.

7. கொக்கியின் ஆணியையும் அது கழலாமல் காக்கும் பூட்டையும் ஒவ்வொரு நடைக்கும் முன் பாருங்கள். இரண்டாவது காப்பாக ஒரு சங்கிலியும் போடுங்கள்.

8. சக்கரத்தில் கட்டை கட்டாதீர்கள். அச்சுக்கு மேலே சங்கிலி மாட்டாதீர்கள்.

9. டிரெய்லரிலும் மட்கார்டிலும் ஆள் ஏற்றாதீர்கள்.

10. பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை, எரியும் விளக்கு இரண்டும் இருக்கட்டும்.

விவசாயி செய்ய வேண்டியது

டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், புறப்பட்ட பின் அவர் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான். எடையும் உயரமும் வயலிலேயே முடிவாகிவிடுகின்றன. அதை முடிவு செய்பவர் விவசாயி. நான்கு நடையில் போக வேண்டிய கரும்பை மூன்று நடையில் அனுப்பினால் ஒரு நடை வாடகை மிச்சம். டிரெய்லர் கவிழ்ந்தால் கரும்பும் போயிற்று, டிராக்டரும் போயிற்று. ஆளும் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் ஈடு செய்ய முடியும்? வாடகையை நடைக்கு இவ்வளவு என்று பேசும்போதே, ஒரு நடைக்கு எத்தனை டன் என்பதையும் சேர்த்துப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். இரவெல்லாம் ஆலை வாசலில் காத்திருந்து வந்தவரை உடனே அடுத்த நடைக்கு அனுப்பாமல், சற்றுக் கண்ணயர விடுங்கள்.

டிராக்டர் ஓட்டுவது, பராமரிப்பது பற்றிய விவரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களையும், திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். இந்தப் பருவத்தில் முதல் நடை கிளம்பும் முன், உங்கள் வயலுக்கு வரும் டிரெய்லரை ஒருமுறை சுற்றிவந்து, மேலே சொன்ன பத்தில் எத்தனை சரியாக இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைவதைச் சரிசெய்த பிறகு பாரம் ஏற்றுங்கள்.